கால் படாத மீன்

சிங்கப்பூருக்கு அக்கரையில், மாசாய் ஊர் அடுக்குமாடி ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒரு மீனை ஒளித்து வைக்க லோஷினிக்குப் பதினோரு நாள் பிடித்தது. கையில் வரைபடம் எதுவும் கிடையாது. தோன்றியதை ஒட்டுவாள், பத்தடி தள்ளி நின்று பார்ப்பாள், பிடிக்காவிட்டால் உரித்துவிடுவாள். விளம்பரப் பலகைக் கடை வைத்திருக்கும் நண்பன் ஹேமநாதன் நீலமும் ஆரஞ்சுமாக ஸ்டிக்கர் வெட்டிக் கொடுத்தே களைத்துப்போனான். தூண்களில் சில துண்டு, கூரையில் சில துண்டு, தரையெங்கும் அலைகள். ஓரத்திலிருந்து பார்த்தால் எல்லாம் சிதறிய கோடுகள்தான். நடுவில் ஒரே ஓர் இடத்தில் வந்து நின்று நிமிர்ந்தால், அத்தனையும் ஒன்றுசேர்ந்து லாரி நீளத்துக்கு ஒரு மீன் ஆகிவிடும்.

யாராவது வந்து நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

அதுதான் நடக்கவில்லை. சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு அவள் சொந்தமாகச் செய்த முதல் வேலை இது. இடத்தைக் கொடுத்த குடியிருப்போர் சங்கத் தலைவி சந்திரமதி கறாராகச் சொல்லியிருந்தார்: "சனிக்கிழம சாய்ங்காலம் வரைக்கும் பாப்பேன். ஆளுங்க பொழங்கலன்னா எல்லாத்தையும் உரிச்சிட்டு மோட்டோ நிறுத்த விட்டுருவோம். எடம் சும்மா கெடக்கக் கூடாது."

சனிக்கிழமை காலையில் லோஷினி தரையை மூன்று தடவை துடைத்தாள். கெட்டிக்காரிதான், ஆனால் இந்த விஷயத்தில் மட்டும் புத்தி வேலை செய்யவில்லை. தரை கண்ணாடி மாதிரி பளபளத்தது. அப்படித் துடைத்து, கோலம் போட்டது போலிருக்கும் தரையில் நம் ஆட்கள் கால் வைப்பார்களா?

ஒருவரும் வைக்கவில்லை. தொழிற்சாலையிலிருந்து திரும்பியவர்கள் ஓரமாக நின்று படம் பிடித்தார்கள். "செம லா" என்றார்கள். பிறகு சுவரை ஒட்டி நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து லிஃப்டுக்குப் போனார்கள்.

"உள்ள போங்கண்ணே, நடக்கத்தான் போட்டிருக்கு."

"ஐயோ, சப்பாத்து எல்லாம் கிரீஸ் லா, தங்கச்சி. பாவம், கஷ்டப்பட்டு செஞ்சிருக்கீங்க."

'தயவுசெய்து மிதிக்கவும்' என்று மூன்று மொழியில் எழுதி ஒட்டினாள். அதையும் படம் பிடித்துக்கொண்டு போனார்கள்.

ஐந்தரை மணிக்கு அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் சந்திரமதி, காலித் தரையையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ சாமி ரூம் மாதிரி வச்சிருக்க," என்றான் கூட நின்ற ஹேமநாதன். "எவன் உள்ள வருவான்?"

லோஷினி அவனை முறைத்தாள். பிறகு, வெளியே மழைச் சேற்றோடு நின்ற அவன் மோட்டோ பைக்கைப் பார்த்தாள்.

"சாவியக் குடு."

"எதுக்கு?"

"குடு லா!"

ஏறினாள், முடுக்கினாள், நேராக உள்ளே விட்டாள். பதினோரு நாள் உழைப்பின் மேல் சேறு தடித்த கோடாக விழுந்தது. ஆனாலும் நிறுத்தாமல் தூணைச் சுற்றி இன்னொரு வளையம் போட்டாள். "அலமாக், ஐயோ!" என்று ஓரத்தில் நின்ற கூட்டம் அலறியது.

"ஏய்! அறிவு இருக்கா ஒனக்கு?" சந்திரமதி நாற்காலியைத் தள்ளிவிட்டுச் செருப்போடு ஓடி வந்தார். "இவ்ளோ அழகா செஞ்சிட்டு நீயே நாசம் பண்றியே! பாத்து பாத்து ஓரமா நடந்தோமே, எல்லாம் இதுக்கா? எறங்கு கீழ!"

திட்டிக்கொண்டே நடுவில் வந்து நின்றவர், மூச்சு வாங்க நிமிர்ந்தார். திறந்த வாய் திறந்தபடியே நின்றது.

"அம்மாடி... மீனு!"

லோஷினி எஞ்சினை அணைத்தாள். "ஆமா ஆண்டி."

"எங்க, எங்க?" என்று ஓரத்தில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"அங்கேர்ந்து தெரியாது, உள்ள வாங்க!" என்று சந்திரமதியே கத்தினார்.

தரைதான் சேறாகிவிட்டதே, இனி என்ன கூச்சம்? சப்பாத்தும் செருப்புமாகத் திமுதிமுவென்று உள்ளே புகுந்தார்கள். நடுவிடத்துக்கு வரிசை உண்டாகி, தூண்களைச் சுற்றி வளைந்தது. சந்திரமதி நகர்வதாக இல்லை. ஹேமநாதன் துடைக்கத் துணி எடுத்து வந்தான்.

"தொடச்ச, கொன்னுருவேன்," என்றாள் லோஷினி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. சந்தோஷத்தில் அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மெல்லக் கேட்டாள். "ஆண்டி, மோட்டோ நிறுத்தற விஷயம்?"

"அதெல்லாம் வெளியவே நிறுத்தட்டும்." சந்திரமதி மீனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "மொதல்ல நீ ஓட்டிட்டு வந்தத எடு. தூணடியில இருக்கற வாலு மறைக்குது."