நாற்பது விநாடி மௌனம்

எங்கள் குழுவின் பெயர் ஏழரை. ஏழரை அடியில் ஓடும் தாளம் வாசித்தோம், அதனால் வைத்த பெயர். அந்தப் பெயரோடு போய் நின்றால் யார் கல்யாணத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று நாலு பேரில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. ப்ரோக்ரெசிவ் ராக் வாசிக்கிறவனுக்கு அதெல்லாம் தோன்றாது. பாட்டு பதினெட்டு நிமிஷம் போகிறதா என்பதுதான் கவலை.

குழு உடைந்த பிறகு ஆளுக்கொரு பக்கம் தனியாகக் கிளம்பினோம். போன மாதம் நான் முகநூலில், 'எனக்கு மிகவும் பிடித்த தனிப் பயணங்கள்' என்று தரவரிசை போட்டு எழுதினேன். பாடகன் அன்புச்செல்வன் முதலிடம். கருப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பென் டிரைவில் குரல் நீக்கிய மைனஸ் ட்ராக்கோடு, திருக்கோவிலூர் சுற்று வட்டாரத்தில் ஒரு மஞ்சள் நீராட்டு விழா விடாமல் பாடுகிறான். கிடாரிஸ்ட் சந்தோஷ் இரண்டாமிடம். யூடியூபில் நாற்பத்து நாலு நிமிஷ ஆல்பம், பார்த்தது முப்பத்தொரு தடவை. அதில் பதினொன்று நான். எவ்வளவு மோசம் என்று உறுதி செய்துகொள்ள வேண்டாமா? மூன்றாமிடம் காலி என்று எழுதி, டிரம்மர் வேடியப்பனை நாலாவதாகப் போட்டேன்: 'கல்வராயன் மலைக்கே திரும்பிப்போய் ஸ்பீக்கர் பெட்டி தூக்குகிறார். கலைப் பயணம் என்றால் இதுதான்.'

எழுபது பேர் சிரித்தார்கள். என்னைப் பட்டியலில் சேர்க்கவில்லை. நானும் தனியாகத்தான் இருந்தேன், பயணம்தான் இல்லை. கள்ளக்குறிச்சியில் பிள்ளைகளுக்கு கீபோர்டு சொல்லிக்கொடுக்கிறேன்.

ஆனால் என்னிடம் நான் அமைத்த 'கரும்பாலை' என்ற நீளப் பாட்டு இருந்தது. நடவு, வெட்டு, வண்டி, ஆலை என்று நாலு பாகம். மூன்றாம் பாகத்துக்கும் நாலாம் பாகத்துக்கும் நடுவே நாற்பது விநாடி மௌனம். அப்பா மணலூர்பேட்டையிலிருந்து மாட்டு வண்டியில் கரும்பு ஏற்றிக்கொண்டுபோய் ஆலை வாசலில் வரிசையில் காத்துக் கிடப்பார். அந்தக் காத்திருப்புதான் அது. அதை வைத்துத்தான் குழுவே உடைந்தது.

"நாப்பது செகண்டு சும்மா குந்தினு இருக்க நான் எதுக்குடா டிரம்ஸ தூக்கினு வரணும்?" என்றான் வேடியப்பன்.

"உனக்கு மௌனம் புரியாதுடா" என்றேன். அன்றே டிரம்ஸை வண்டியில் ஏற்றிவிட்டான். 'கரும்பாலை' ஒரு மேடையிலும் முடிந்ததில்லை, தொடங்கியதே இல்லை என்பதால்.

இந்த வருஷம் வெள்ளிமலை கோடை விழாவில், நாய்க் கண்காட்சிக்கும் பரிசளிப்புக்கும் நடுவே எனக்கு இருபது நிமிஷம் கிடைத்தது. ஒரே ஒரு தடவை முழுசாக வாசித்துவிட்டால் போதும் என்று லேப்டாப்பில் மெஷின் டிரம்ஸை ஏற்றிக்கொண்டு பஸ் பிடித்தேன்.

மேடை ஓரம் இருந்த ஸ்பீக்கர் பெட்டிகளில் 'வேடியப்பன் ஆடியோஸ்' என்று எழுதியிருந்தது. மிக்ஸருக்குப் பின்னால் அவனேதான்.

"வாங்க சார். நாலாவது எடம் நான்தான்" என்றான்.

"அது தமாஷுடா."

"தெரியும். எம் பொண்டாட்டிகூட படிச்சிட்டு சிரிச்சா. எனக்குத்தான் கொஞ்சம் லேட்டாவுது." லேப்டாப்பைப் பார்த்தான். "மெஷினா? நல்லது. சண்ட போடாது."

மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "சவுண்டு சரியா வையி" என்று சொல்லிவிட்டு மேடையேறினேன். அவ்வளவு பெரிய மனசு எனக்கு.

கூட்டத்தில் பாதிப் பேர் நாய் சங்கிலியோடு இருந்தார்கள். நடவு போனது. வெட்டு போனது. வண்டிப் பாகத்தில் ஒரு அல்சேஷன் கூடவே ஊளையிட்டது, சுருதி பரவாயில்லை. பிறகு மௌனம். கைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு மனசுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று...

"அருமை! அருமை!" என்று மேடைக்குப் பாய்ந்தார் தமிழழகன். மாவட்டத்தில் மைக் பிடிக்கிற தொகுப்பாளர்களில் அவர்தான் பெரிய ஆள், சத்தம் இல்லாத இடத்தைக் கண்டால் பொறுக்காது. "நம்ம இசைக் கலைஞர் சிவசங்கர் அவர்களுக்கு, சிறப்பு விருந்தினர் இப்போது பொன்னாடை..."

விருந்தினர் எழுந்தார். சால்வை தோளில் விழுந்தால் வணக்கம் சொல்லி இறங்க வேண்டியதுதான். அதற்கப்புறம் இந்த ஊரில் எவனும் வாசிக்க முடியாது. இன்னும் முடியவில்லை என்று தலையை ஆட்டினேன். அடக்கம் என்று நினைத்து அவர் இன்னும் வேகமாக வந்தார்.

திடீரென்று தமிழழகனின் வாய் மட்டும் அசைந்தது. மைக் செத்துவிட்டது. அடுத்து ஸ்பீக்கரில் 'டொக்' என்றது. இன்னொரு 'டொக்'.

வேடியப்பன் தன் மைக்கை மேஜையில் கவிழ்த்து, பக்கத்தில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தான். ஏழரை அடி. அவசரமே இல்லாமல், வரிசையில் நிற்கிற மாடு காலை மாற்றி மாற்றி வைக்கிற மாதிரி. அடி விழுந்ததும் விருந்தினர் நின்றுவிட்டார், பாட்டு நடக்கும்போது குறுக்கே போகக் கூடாது என்ற மரியாதை. தமிழழகன், விருந்தினர் கையில் கொடுக்க எடுத்த சால்வையைத் துணி காயப்போடுகிறவர் மாதிரி விரித்துப் பிடித்தபடி நின்றார்.

அந்த நாற்பது விநாடியை மௌனமாக வைத்திருந்த வரைக்கும் அதில் அப்பா இல்லை. ஆலை வாசலில் ஏது மௌனம்? மாடு மணியை ஆட்டும், பின்வண்டிக்காரன் இருமுவான். ஊருக்கெல்லாம் முதலிடம், நாலாமிடம் கொடுத்த எனக்கு இது குழு உடைந்து ஆறு வருஷம் கழித்துப் புரிகிறது.

நாற்பது முடிந்தது. மெஷினைத் தட்டப் போனேன். வேடியப்பன் அங்கிருந்தே வேண்டாம் என்று கையை வீசினான். இரண்டு உள்ளங்கையாலும் மேஜையை அடிக்க ஆரம்பித்தான். ஆலை ஓடியது. கடைசிச் சுரம் வரைக்கும் ஓடியது.

யாரும் கை தட்டவில்லை. முடிந்ததா என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் கண் கொஞ்சம் மங்கலாகத்தான் இருந்தது.

"முடிஞ்சிது" என்றான் வேடியப்பன் மைக்கில். "இப்ப போத்துங்க."

இறங்கி அவனிடம் போனேன். உள்ளங்கை சிவந்திருந்தது. "வேடி, நான் எழுதினது..." என்று ஆரம்பித்தேன்.

"அத்த வுடு. கடைசி பார்ட்ல ரெண்டு எடத்துல கோட்ட வுட்ட."

"மூணு" என்றேன்.