லூயிவில்லில் இன்னும் மூன்று வருடம்

ஜூன் முப்பதாம் தேதி மாலை ஆறு மணி ஆனால்தான், ஒப்பந்தம் முடிந்த ஆட்டக்காரர்களிடம் மற்ற அணிகள் வாயைத் திறக்கலாம். கூடைப்பந்து லீக்கின் சட்டம் அது. ஆறு அடித்த மறு நிமிஷமே நாடு முழுக்கப் போன்கள் அலற ஆரம்பித்துவிடும். ஓடெல் ப்ரூயிட் தன் போனைச் சமையலறை மேஜையில் வைத்துவிட்டு அதன் முன்னால் உட்கார்ந்திருந்தான். வயது முப்பத்து நான்கு. ஆறடி எட்டு அங்குல உடம்பு. இரண்டு தடவை அறுத்துத் தைத்த முழங்காலின்மேல் ஐஸ் பை. லூயிவில் அணிக்காகப் பத்து வருடம் கூடைப்பந்து ஆடிய கால் அது.

அவன் இப்படிக் காத்துக்கிடக்க வேண்டிய அவசியமே இல்லை. ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருடம் அவன் கையில் இருந்தது. 'இருக்கிறேன்' என்று ஒரு கையெழுத்துப் போட்டிருந்தால் அடுத்த சீசன் முடிகிறவரை சம்பளம் நிச்சயம். கூறுகெட்ட மனுஷன், அதைத் தானாகவே விட்டுக்கொடுத்தான்!

இரண்டு வாரத்துக்கு முன்பு அணியின் முதலாளி கார்வர் ஹால்டேன் அவனைத் தன் குதிரைப் பண்ணைக்குக் கூப்பிட்டிருந்தார். வேலியில் சாய்ந்துகொண்டு, ஒரு குதிரையின் கழுத்தைத் தடவியபடியே பேசினார்.

"மகனே, அந்த ஒரு வருஷத்த விட்டுக்குடு. ஒரு அணி இவ்வளவுதான் சம்பளம் குடுக்கலாம்னு லீக் கோடு கிழிச்சு வச்சிருக்குல்ல, அதுல உன் சம்பளம் கழிஞ்சா கீனன் டப்ஸை இழுத்துட்டு வந்துடுவேன். அவன் வந்தான்னா கோப்பை நம்மளுது. அப்புறம் உனக்கு மூணு வருஷம். இங்கயே ஆடி இங்கயே ரிட்டயர் ஆகிக்கோ."

"எழுதிக் குடுப்பீங்களா?"

"எழுதினா லீக் நம்ம ரெண்டு பேர் தோலையும் உரிச்சிடும். உனக்குத் தெரியாததா?" என்று சிரித்துக்கொண்டே கையை நீட்டினார்.

தெரியும். முன்கூட்டிப் பேசி வைப்பது குற்றம். எல்லா அணிகளும் செய்கிற குற்றம். அவனுக்காக ஒப்பந்தம் பேசும் ஏஜெண்ட் இதைக் கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் ஓடெல் அந்தக் கையைப் பிடித்தான். காரணம் லவோன்.

லூயிவில் வருவதற்கு முன் நான்கு வருடத்தில் ஆறு அணிகள் அவனைப் பந்தாடியிருந்தன. அவன் மனைவி லவோன் ஒவ்வொரு ஊரிலும் ஒரு பள்ளிக்கூட வேலையைத் தேடிப் பிடிப்பாள், பிள்ளைகளின் பெயர் மனசில் பதிவதற்குள் விட்டுவிட்டுக் கிளம்புவாள். இங்கே வந்தபிறகுதான் ஒரு பள்ளிக்குத் தலைமையாசிரியை ஆனாள். அவளிடம் 'மூணு வருஷம்' என்று சொல்ல வேண்டும் என்ற ஆசையில் ஓடெலுக்குக் கண் தெரியவில்லை.

"எழுதினாரா, சொன்னாரா?" என்று அவள் அன்றைக்கே கேட்டாள்.

"கை குடுத்தாரு."



முப்பதாம் தேதி மாலை ஆறு அடித்தது. ஆறரை ஆனது. கீனன் டப்ஸ் லூயிவில்லுக்கு வருகிறான் என்று டிவியில் கத்தினார்கள். ஹால்டேன் கூப்பிடவில்லை. மறுநாளும் கூப்பிடவில்லை. ஜூலை மூன்றாம் தேதி காலையில் ஏஜெண்ட் கூப்பிட்டு, யூட்டா அணியில் ஒரே ஒரு வருடம் தருகிறார்கள், ஒரு மணி நேரத்தில் பதில் வேண்டும் என்றார். ஓடெல் வெட்கத்தை விட்டு ஹால்டேனுக்குத் தானே போன் போட்டான்.

"மகனே! நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் அவர். "டப்ஸ் தன் சிநேகிதன் ஒருத்தனையும் சேத்துக் கேக்கறான். கணக்குல மிச்சம் இருந்த சம்பளமெல்லாம் அவனுக்கே போச்சு. வியாபாரம்ப்பா, மனசுல வச்சுக்காத."

"மூணு வருஷம்னு சொன்னீங்களே, சார்."

"நானா? அப்படியெல்லாம் பேசக் கூடாதுன்னு சட்டமே இருக்கே. எப்படிச் சொல்லியிருப்பேன்?"

அடப்பாவி! ஓடெலுக்கு நாலு வார்த்தை நறுக்கென்று கேட்கத் தோன்றியது. ஆனால் வெளியே சொன்னால் சட்டத்தை மீறியதில் அவனுக்கும் பங்கு வரும். அதோடு, சண்டை போடக்கூட உடம்பில் தெம்பு இல்லை. போனை வைத்துவிட்டான். லவோன் நாளைய சுதந்திர தின விருந்துக்கு உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள் என்பது அவள் முதுகைப் பார்த்தாலே தெரிந்தது.

மறுபடி போன் அடித்தது. கீனன் டப்ஸ். ஓடெல் ஸ்பீக்கரில் போட்டான்.

"அண்ணே! உங்களுக்காகத்தான் நான் வர்றேன், தெரியுமா? 'ஓடெல் எங்கயும் போகமாட்டான், உன்னைப் பாத்துப்பான்'னு முதலாளி சத்தியம் பண்ணினாரு!"

பேசி முடித்தாலும், லீக் சட்டப்படி ஜூலை ஆறாம் தேதிவரை யாரும் கையெழுத்துப் போட முடியாது. இப்போது ஓடெல் ஒரு வார்த்தை சொன்னால் இந்தப் பையன் பின்வாங்கக்கூடும், ஹால்டேன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்வார். ஓடெல் மூச்சை இழுத்து விட்டான்.

"நான் அங்க இல்ல தம்பி. என்னை விட்டுட்டாங்க. எங்கிட்டயும் கை குடுத்துச் சொன்ன ஆளுதான் அவரு. பாத்துக்கோ."



"ச்சே, என்ன மனுஷங்கண்ணே" என்றான் டப்ஸ். நிஜமாகவே வருத்தப்பட்டான், பாவம். பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைக்காதீங்க. நீங்க கிளம்பறதா இருந்தா, உங்க வீடு விலைக்கு வருமா? நம்ம உயரத்துக்குக் கதவு வச்ச வீடு எங்கயும் கிடைக்கமாட்டேங்குது" என்றான்.

லவோன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து போனை எடுத்தாள்.

"வீடு விலைக்கு இல்ல தம்பி. நான் இங்கதான் இருக்கேன். ஓடெல் மட்டும்தான் போறாரு."

ஓடெல் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவள் முகத்தில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சமாதானம் பண்ணியிருப்பான்.

"நான் இன்னும் யூட்டாவுக்குச் சரின்னே சொல்லலையே, லவோன்."

"சொல்லு" என்றாள் அவள், டப்ஸின் அழைப்பைத் துண்டித்து, போனை அவன் முன்னால் வைத்தபடி. "ஒரு மணி நேரம்தானே குடுத்திருக்காங்க."