மேலே நிற்கும் ஆள்

ஜனவரியில் திராட்சைக் கொடி நட வேண்டும். மணலில் கொடி பிழைக்காது. மணலுக்கு அடியில், இரண்டு ஆள் ஆழத்தில், களிமண் இருக்கிறது. அதைத் தொட்டால் பிழைத்துக்கொள்ளும். அதனால் எங்கள் கடலோர ஊரான கொலாரஷில் ஒருவர் பள்ளத்தில் இறங்குவார், ஒருவர் மேலே நிற்பார். இறங்குபவர் திராட்சைக் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். மணல் சரிந்து மூடினால் கூடைக்குள் கொஞ்சம் காற்று மிஞ்சும். மேலே நிற்பவர் தோண்டி எடுக்கும்வரை அது போதும்.

மேலே நிற்பவர் வீட்டு ஆளாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். கூலிக்கு வந்தவன் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

எங்களுக்கு இருந்தது என் தம்பி அடெலீனு மட்டும்தான். அவனும் என் கணவர் பெல்மீருவும் இரண்டு வருடமாகப் பேசுவதில்லை.

காரணம் நாணல் வேலி. கடல் பக்கம் தம்பியின் நிலம். அதற்குப் பின்னால் எங்களுடையது. அவனுடைய வேலி ஒரு புயலில் விழுந்தது. நாளைக்கு, நாளைக்கு என்றான். உப்புக் காற்று உள்ளே வந்து எங்கள் கொடிகளைக் கருக்கியது. நாடு முழுவதும் கொடிகளின் வேரைத் தின்ற பூச்சியால் எங்கள் மணலுக்குள் நுழைய முடியவில்லை. அதற்குத் தப்பிய கொடிகள் ஒரு வேலி இல்லாமல் செத்தன. சாவதற்கு முன் வெட்டிய குச்சிகளை ஈர மணலில் வைத்திருந்தோம். அந்த வாரம் அவை களிமண்ணைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் எங்கள் நிலத்தில் ரமிஷ்கு திராட்சை அதோடு முடிந்தது.

நான் தம்பி வீட்டுக்குப் போனேன்.

"வர்றேன்க்கா. ஆனா அவர்கிட்ட பேச மாட்டேன்."

"பேச யாரு கூப்பிட்டா? பாத்துக்கிட்டு நின்னா போதும்."

காலையில் வந்தான். பள்ளத்தின் விளிம்பில் நின்றான். என் கணவர் அவனைப் பார்க்காமல் குச்சிகளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு ஏணியில் இறங்கினார். கூடை மேலேயே கிடந்தது.

"ஏங்க, கூடை," என்றேன்.

"வேணாம்."

அடெலீனு என்னைப் பார்த்தான். "அக்கா, அவரக் கூடையப் போடச் சொல்லு."

கீழே இருந்து குரல் வந்தது. "மேல நிக்கிறவன் கண்ணு நல்லா இருந்தா கூடை எதுக்குன்னு கேளு."

"இவ்வளவு பக்கத்துல நிக்கிறான், நீங்களே கேளுங்களேன்."

"நீ கேளு."

தம்பியின் முகம் சிவந்தது. "புரியுதாக்கா உனக்கு? இது என்மேல வச்ச நம்பிக்கை இல்ல. பொறி. நாங்க பேசுறதில்லன்னு ஊருக்கே தெரியும். இவருக்கு ஒண்ணுன்னா, வேலியத்தான் போடல, மச்சானையும் போட்டுத் தள்ளிட்டான்னு சொல்லுவாங்க."

"வேலி ஞாபகம் இருக்காமா?" என்றார் கீழே இருந்தவர்.

"கூடை தலையில ஏறுற வரைக்கும் நான் திரும்ப மாட்டேன்னு சொல்லு."

முதுகைக் காட்டி மணலில் உட்கார்ந்தான். கீழே மண்வெட்டிச் சத்தம் கேட்டது. அவர் களிமண்ணைக் கொத்த ஆரம்பித்துவிட்டார்.

நான் மாறி மாறி இருவரையும் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். அப்பா இருந்திருந்தால் இருவரையும் அந்தப் பள்ளத்திலேயே போட்டிருப்பார்.

பள்ளத்தின் எதிர்ச்சுவரில் நூல் போல மணல் வழிந்தது. நின்றது. மறுபடி வழிந்தது. இந்த முறை நிற்கவில்லை.

"அடெலீனு!"

அவன் திரும்பினான். கூடையைத் தூக்கி எறிந்தான்.

"மச்சான்! தலை!"

என் கணவர் நிமிர்ந்தார். கூடையைப் பிடித்ததைப் பார்த்தேன். பிறகு சுவர் இல்லை. அவரும் இல்லை. ஏணியின் மேல் படிகள் மட்டும் தெரிந்தன.

அடெலீனு குதித்தான். மண்வெட்டியைத் தொடவில்லை, தலையில் படும் என்று. கையால் தோண்டினான். அள்ளிய இடத்துக்கே மணல் திரும்பி வந்தது. "மச்சான், மூச்ச விடாதீங்க," என்றான். "இல்ல, விடுங்க. மெதுவா விடுங்க." என்ன சொல்கிறோம் என்று அவனுக்கே தெரியவில்லை. நான் மேலே இருந்து ஒரு சாக்கை இறக்கி, அவன் அள்ளிப் போட்ட மணலை இழுத்துக்கொண்டே இருந்தேன்.

கூடையின் அடி தெரிந்தது. அறுவடைச் சாறு ஊறிக் கறுத்த பின்னல். அதன் கீழே நெற்றி, மூக்கு, வாய். வாய் மணலைத் துப்பியது.

"குச்சி ஒடிஞ்சிதாடா?"

"உங்க கையிலதான் இருக்கு மச்சான்."

சுவர் சரிந்தபோது வாரிய குச்சிக் கட்டை அவர் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தார். தம்பி அதை வாங்கப் பார்த்தான். விரல்கள் விடவில்லை.

"கொடுங்க. நான் ஒண்ணும் திங்க மாட்டேன்."

அன்று அவர் வேலையை அதோடு நிறுத்தினார். மதியம் சாளை மீன் சுட்டேன். அவர் நிலவறைக்குப் போய், உப்புக் காற்று வருவதற்கு முந்தைய வருடத்துச் சிவப்பு ஒயினைத் திறந்தார். ரமிஷ்கு இளசில் நாக்கைப் பிடித்து இழுக்கும். கடலும் இரும்பும் போல இருக்கும். தம்பி ஒரு வாய் குடித்துக் கண்ணை மூடினான்.

"அக்கா, இத எதுக்கு இன்னைக்குத் திறந்தாருன்னு கேளு. இன்னும் பத்து வருஷம் கெடக்கணும்."

"கெடக்கட்டும் கெடக்கட்டும்னு இருந்தவன்தான் இன்னைக்கு மணலுக்குள்ள கெடந்தேன்னு சொல்லு."

நான் சோள ரொட்டியை வெட்டிக்கொண்டிருந்தேன். நான் சொல்வேன் என்று இருவரும் காத்திருந்தார்கள். நான் முள்ளை எடுத்துவிட்டு மீனைச் சாப்பிட்டேன்.

என் கணவர் கோப்பையைப் பார்த்தபடி சொன்னார்: "எனக்குத் தோள் தூக்க வரல. நாளைக்கு நீ எறங்குறியா?"

அடெலீனு மீதி ஒயினைக் குடித்தான்.

"நீங்க நிப்பீங்களா?"

"நிப்பேன்."

தம்பி பயப்படுவது எனக்குத் தெரிந்தது. அவன் நிலத்தின் கடல் பக்கம் இன்னும் வேலி இல்லை. அதை மறந்தவர் யாரும் அந்த மேசையில் இல்லை.

"கூடைய நான் போட்டுக்குவேன்," என்றான்.

"போட்டுக்க. நானும் இனிமே போட்டுக்குவேன்."

மறுநாள் நான் கஞ்சியை எடுத்துக்கொண்டு போனபோது காற்று பலமாக இருந்தது. பள்ளத்துக்குள் கறுத்த கூடை குனிந்து நிமிர்ந்தது. தம்பி ஒரு குச்சியைக் களிமண்ணில் ஊன்றிச் சுற்றி மண்ணைக் காலால் மிதித்தான். என் கணவர் விளிம்பில் நின்றார். ஒரு கை இன்னொரு தோளைப் பிடித்திருந்தது.

"கஞ்சி," என்றேன்.

அவர் திரும்பவில்லை. கண் எதிர்ச்சுவரில் இருந்தது. கண்ணில் மணல் அடித்தது, துடைக்கவும் இல்லை.

பானையை வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.