டிவி கோபுரத்தில் பெண் பார்ப்பு

எங்கள் குடும்பத்தில் பெண் பார்ப்பு என்றால் சுசீந்திரம் கோயில்தான். பிடிக்காவிட்டால் சாமி கும்பிட வந்த மாதிரிக் கலைந்துவிடலாம். நான்தான் அடம்பிடித்து, நாகர்கோவிலில் புதிதாக எழும்பிய டிவி கோபுரத்துக்கு மாற்றினேன். மாப்பிள்ளை ஸ்ரீகுமாருக்கு அங்கேதான் வேலை, கீழே ஒளிபரப்பு அறையில். உண்மையைச் சொன்னால், மாப்பிள்ளையை விடக் கோபுரத்தின் மேல்தான் எனக்கு ஆசை. தினமும் பஸ் ஜன்னல் வழியே அதை அண்ணாந்து பார்ப்பேன். என்ன ஒரு நிமிர்வு! கட்டினால் இப்படிக் கட்ட வேண்டும்.

லிஃப்ட் வாசலில் பத்மகுமார் மாமா, அம்மாவின் அண்ணன், கோயில் நடையில் செய்கிற பழக்கத்தில் சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். காவலாளி வாயைப் பிளந்தார். எனக்கு மானம் போயிற்று.

"மாமா, சட்டையப் போடுங்க! இது கோயில் இல்ல!"

"கழத்தினது கழத்தியாச்சு. கெடக்கட்டு மக்கா."

மேல்தளத்தில் கண்ணாடிக்கு வெளியே நாஞ்சில் நாடு முழுவதும் விரிந்து கிடந்தது. வயல், குளம், தென்னை, வடக்கே மலை, தெற்கே கடல். கண்ணாடியில் மூக்கு ஒட்டப் பார்த்துக்கொண்டு நின்றேன். திரும்பினால், எங்களோடு லிஃப்டில் வந்த ஸ்ரீகுமார் நடுத்தூணில் முதுகை ஒட்டி, கண்ணை இறுக மூடிக்கொண்டு நிற்கிறார்.

"சரியான பயந்தாங்கொள்ளியாக்கும். வேண்டாம் லட்சுமிப்ரியா, எறங்குவோம்" என்றார் மாமா. எங்கள் வீட்டில் அவர் வேண்டாமென்றால் அதற்கு மேல் பேச்சில்லை. லிஃப்ட் வருவதற்குள் நான்தான் ஏதாவது செய்தாக வேண்டும். நேராக மாப்பிள்ளையிடம் போனேன்.

"பயமா?"

"ஆமா. வேலைக்குச் சேந்ததுல இருந்து ஒருநாளும் மேல வந்ததில்ல. நீங்க ஆசப்பட்டியன்னு சொன்னாவ. அதான் வந்தேன்."

அந்த நேரத்தில் கோபுரத்தை விட ஆளைப் பிடித்துப்போயிற்று.

"அப்போ எனக்கு எது எதுன்னு யாரு காட்டுவா?"

கண்ணைத் திறக்காமலே கையை நீட்டினார். "அந்தா, ராஜாக்கமங்கலம் கடல்."

கை மலையைக் காட்டிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்து மெதுவாகத் தெற்கே திருப்பினேன். வியர்த்து ஜில்லென்றிருந்த கை என் கையை இறுக்கிப் பிடித்தது. பின்னால் மாமா பலமாகச் செருமினார்.

"மாமா, எனக்குச் சம்மதம்" என்றேன் திரும்பாமலே. "சீக்கிரம் சட்டையப் போடுங்க. இவரு இப்போ கண்ணத் திறப்பாரு."