ஓட்டுக்குள் ஐந்து குஞ்சுகள்

ரைஹானாவின் வாத்துகளை நாய்கள் கடித்துப் போட்ட அன்று காலை, அவள் முட்டைகளைத் துப்பட்டாவில் ஏந்திக்கொண்டு நேராகக் கிருஷ்ணப்ரியாவின் வீட்டுக்கு வந்தாள். அடை படுத்திருந்த பெட்டை கூண்டு வாசலிலேயே செத்துக் கிடந்தது. ஆண் வாத்தின் இறகுகள்தான் கருவேலமரத்தடியில் மிச்சம். குவைத்தில் வேலை பார்க்கும் அவள் கணவர் அப்துல் கரீம், போன லீவில் வந்தபோது ஆசைப்பட்டு வாங்கிவிட்ட ஜோடி அது. போனில் பேசும்போதெல்லாம் வாத்துச் சத்தத்தையும் கேட்டுவிட்டுத்தான் வைப்பார். அவரிடம் எப்படிச் சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

"முட்டை இன்னும் சூடாத்தான் இருக்குக்கா. ஒன்னோட பெட்டியில வச்சுப் பாப்பமா?" என்றாள்.

பரளச்சியில் அவர்கள் தெருவில் இன்குபேட்டர் வைத்திருப்பது கிருஷ்ணப்ரியாதான். தையல் வேலைக்கு நடுவே நாட்டுக்கோழி முட்டைகளைப் பொரிக்க வைத்து, குஞ்சுகளை விற்பாள். தெர்மாகோல் பெட்டி, உள்ளே பல்பு, சின்ன ஃபேன், சூடு காட்டும் மீட்டர், அவ்வளவுதான். வாத்து முட்டை அவள் வைத்ததே இல்லை. இருந்தாலும் மறுக்கவில்லை. அடுப்படிக் கதவைச் சாத்தி இருட்டாக்கி, செல்போன் வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகப் பார்த்தாள். ஐந்தில் உயிர் இருந்தது. மற்றவை கூமுட்டை.

கோழிக்குஞ்சைவிட வாத்துக்குஞ்சுக்கு நாளும் அதிகம், ஈரமும் அதிகம் வேண்டும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டாள். பங்குனிக் காற்றில் துவைத்த துணி உதறிப் போடுவதற்குள் காய்ந்துவிடுகிற ஊர் அது. பெட்டிக்குள் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாள். போதாமல் ஈரத் துணியையும் சுருட்டி வைத்தாள். துணி காயக் காய நனைத்தாள். அவள் கணவன் மாரிக்கண்ணன் அருப்புக்கோட்டைக்கு லோடு வண்டி ஓட்டுகிறவன். குடிக்கிற தண்ணிக்கே லாரியை எதிர்பார்க்கிற ஊருக்கு வாத்து எதுக்கு என்று கேட்டான். கேட்டானே ஒழிய, வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் அந்தப் பெட்டியைத்தான் எட்டிப் பார்ப்பான்.

ஒருநாள் காலை முட்டைகளுக்குள்ளிருந்து மெல்லிய சத்தம் கேட்டது. மூன்றின் ஓடு லேசாகப் புடைத்து விரிசல் விட்டிருந்தது. கிருஷ்ணப்ரியாவுக்கு அன்று அருப்புக்கோட்டையில் ஒரு கல்யாணத்துக்கான ரவிக்கைகளைக் கொடுத்தே ஆகவேண்டும். வீட்டிலிருந்த மாரிக்கண்ணனிடம், மூடியைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினாள்.

திரும்பி வந்தபோது வெயில் உச்சியில் நின்றது. ஐந்து முட்டைகளிலும் விரிசல் விழுந்திருந்தது, ஆனால் சத்தமே இல்லை. விரிசல் வழியே தெரிந்த உள்தோல், காலையில் வெள்ளையாக இருந்தது, இப்போது பழுப்பேறி, காய்ந்த வெங்காயச் சருகு மாதிரி இருந்தது. ஒரு ஓட்டையில் அலகு நுனி தெரிந்தது. அது அசையவில்லை.

மாரிக்கண்ணன் மறைக்கவில்லை. ஆசையில் திறந்து திறந்து பார்த்திருக்கிறான். வீடியோ எடுத்திருக்கிறான். ஒருதடவை மூடி சரியாகப் பொருந்தாமல் இருந்ததையும் கவனிக்கவில்லை. சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து நின்றான்.

அவளுக்கு வந்த கோபத்துக்கு அவனை என்ன வேண்டுமானாலும் சொல்லியிருக்கலாம். அவள் அலகு நுனியிடம் குனிந்து மெல்லச் சீழ்க்கை அடித்தாள். உள்ளேயிருந்து ஈனமாக ஒரு குரல் வந்தது.

"உசுரு இருக்கு. அடுப்படியில பெரிய சட்டி நிறையத் தண்ணிய வச்சுக் கொதிக்க விடுங்க. சன்னலப் பூராம் சாத்துங்க," என்றாள்.

அடுப்படி ஆவியில் நிறைவதற்குள் கால்நடை டாக்டரம்மாவுக்குப் போன் போட்டாள். அந்த அம்மா பொறுமையாக விளக்கினார். உள்தோல் காய்ந்து குஞ்சின் உடம்போடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதனால் குஞ்சால் திரும்ப முடியவில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்துத் தோலை ஊறவைக்க வேண்டும். மூக்குப் பக்கம் மட்டும் ஓட்டைப் பொடிப்பொடியாக எடுக்கலாம். சிவப்பு நரம்பு தெரிந்தால் அதோடு கையை எடுத்துவிட வேண்டும். குஞ்சு இன்னும் தன் ரத்தத்தை உள்ளே இழுத்து முடிக்கவில்லை என்று அர்த்தம்.

தகவல் தெரிந்து ரைஹானா ஓடிவந்தாள். மூன்று பேரும் அந்தப் புழுக்கத்துக்குள் உட்கார்ந்தார்கள். கிருஷ்ணப்ரியா தையல் இடுக்கியைக் கொதிநீரில் போட்டு எடுத்து, முதல் முட்டையில் ஓட்டுச் சில்லுகளை ஒவ்வொன்றாக நீக்கினாள். நனைந்த தோல் இளகியது. மூக்குத் துளை வெளியே வந்தது. இன்னும் கொஞ்சம் என்று நினைத்து ஓரத்தை விலக்கியபோது, ஒரு பொட்டு ரத்தம் துளிர்த்தது.

அவள் கை நின்றுவிட்டது. பஞ்சால் அழுத்திப் பிடித்தாள். ரத்தம் நிற்கும்வரை பஞ்சை எடுக்கவில்லை.

"அக்கா, பாதி வந்திருச்சுல்ல, இழுத்து எடுத்துருவோம். உள்ளேயே கெடந்தா மூச்சு முட்டிச் செத்துப்போகும்," என்றாள் ரைஹானா.

"மூச்சுக்கு வழி விட்டாச்சு. இப்ப எடுத்தாத்தான் சாகும். எனக்கும் கை பரபரங்குது ரைஹானா. ஆனா விடமாட்டேன்."

மற்ற முட்டைகளிலும் மூக்களவுக்கு வழி விட்டு, தோலை நனைத்து, பெட்டிக்குள் திருப்பி வைத்தாள். சூடான ஈரத்துணி போட்டு மூடினாள். மாரிக்கண்ணன் யாரும் சொல்லாமலே மூடியின் இடுக்குகளில் டேப் ஒட்டினான். சாயங்காலம் கரண்டு போனது. அவனே பாட்டில்களில் வெந்நீர் பிடித்து, துண்டு சுற்றி, பெட்டிக்குள் நான்கு ஓரமும் வைத்தான். கிருஷ்ணப்ரியா மீட்டரை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சூடு இறங்க ஆரம்பித்தால் விரலை நீட்டுவாள். அவன் அடுத்த பாட்டிலோடு நிற்பான். கரண்டு வந்த பிறகும் இரண்டு பேரும் அந்த இடத்தை விட்டு எழவில்லை.

விடிந்ததும் மறுபடி பார்த்தாள். முதல் முட்டையில் சிவப்பு நரம்புகள் மறைந்து தோல் தெளிந்திருந்தது. பயந்து பயந்துதான் தொட்டாள். ரத்தம் வரவில்லை. தலையைச் சுற்றியிருந்த தோலை மட்டும் உரித்துவிட்டு, மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளட்டும் என்று கையை இழுத்துக்கொண்டாள். குஞ்சு தலையைத் தூக்கியது, விழுந்தது, மறுபடி தூக்கியது. பிறகு காலால் ஒரே உதை. ஓடு இரண்டாகக் கழன்றது.

மதியத்துக்குள் இன்னும் மூன்று வந்துவிட்டன. ஐந்தாவது, முட்டையின் அகன்ற முனையில் இருக்கவேண்டிய தலையைக் கூம்பு முனையில் வைத்து மாட்டிக்கொண்டிருந்தது. அதற்குத்தான் அவள் அதிகம் பாடுபட்டாள். வெளியே வந்து, அவள் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டு அடங்கிப்போனது. நெடுநேரம் அதைக் கையிலேயே வைத்திருந்தாள். மாரிக்கண்ணன்தான் வாங்கிப்போய் முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தான்.

"நான் தொறக்காம இருந்திருந்தா அதுவும் பொழைச்சிருக்கும்ல?" என்று கேட்டான்.

"அது கெடந்த கெடைக்குச் சொல்ல முடியாது," என்றாள் அவள். ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உண்மையிலேயே அவளுக்குத் தெரியவில்லை. "இனிமே தொறக்காதீங்க."

ரைஹானா அன்றுதான் கணவருக்கு எல்லாவற்றையும் சொன்னாள். கேட்டுவிட்டு அவர் குஞ்சுகளைக் காட்டச் சொல்லியிருக்கிறார். அவள் பெட்டிப் பக்கம் போனைத் திருப்பினாள். நான்கும் இன்னும் சரியாகக் காயாத மஞ்சள் மயிரோடு ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்துகொண்டிருந்தன. கிருஷ்ணப்ரியா பக்கத்திலேயே தரையில் படுத்து, வாய் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.