மத்தி எண்ணெய் பூசிய ஓடுபாதை

எங்கள் ஜப்பான் கடற்கரையிலிருந்து பசிபிக் சமுத்திரத்தைத் தாண்டப் போவதாக ஹார்லன் என்ற அமெரிக்கர் விமானத்தோடு வந்து சேர்ந்ததும் ஓசுகா கிராமமே கடலுக்குப் போவதை மறந்துவிட்டது. மணலில் சக்கரம் புதையாமலிருக்க நீளமாகப் பலகை பாவினோம். படகு கட்ட வைத்திருந்த மரம், குதிரை லாயக் கதவு எல்லாம் போயிற்று. என் வீட்டுக்காரர் கான்சுகே தரைப்பலகையையே பெயர்த்துக் கொடுத்துவிட்டார். ஒரு மாதமாக நான் வெறும் மண்ணில் உட்கார்ந்துதான் சோறு தின்றேன். அதனால் அந்த விமானத்தில் எனக்கும் பங்கு உண்டென்று நினைத்துக்கொண்டேன். அதுதான் வினை.

இரண்டு முறை பெட்ரோல் பாரம் தாங்காமல் விமானம் எழும்பவேயில்லை. மூன்றாம் முறையும் தவறினால் பருவம் முடிந்தது, அதைப் பெட்டியில் கட்டிக் கப்பலில் திருப்பி அனுப்ப வேண்டியதுதான் என்றார் வாத்தியார் நொசாவா. ஊரில் இங்கிலீஷ் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். எனக்கு ஆத்திரமாக வந்தது. பாரமான படகை இறக்க நாங்கள் என்ன செய்வோம்? படகுக்கு அடியில் போடும் பலகையில் மத்தி மீன் எண்ணெய் தடவுவோம். ஒரு தள்ளுத் தள்ளினால் தண்ணீருக்குப் போய்விடும். மூன்றாம் முறை கிளம்பவேண்டிய அன்று விடிந்ததும், ஹார்லன் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து, இரண்டு வாளி எண்ணெயைப் பலகையில் பூசிவிட்டு வந்தேன்.

விமானம் நன்றாகத்தான் வழுக்கியது, பக்கவாட்டில். சர்ரென்று திரும்பி மணலில் போய் நின்றது. நல்லவேளை, எதுவும் உடையவில்லை. ஹார்லன் இறங்கி, பலகையைத் தொட்டு, விரலை மோந்து பார்த்தார். யார் செய்தது என்று வாத்தியார் கேட்டார். ஊரே கடலைப் பார்த்தது. கான்சுகே மட்டும் என்னைப் பார்த்தார்.

"நான்தான் வாத்தியாரே. கனமா இருந்தா எண்ணெ போடணும், எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். இது படகு இல்லேன்னு யாராவது சொன்னீங்களா?"

"ரெக்க இருக்கே தோமெ அக்கா, அது கண்ணுல படலியா?"

"பட்டுது. மொதல்ல அவர்கிட்ட சொல்லுங்க."

மத்திக்கு இங்கிலீஷில் என்னவென்று வாத்தியாருக்குத் தெரியவில்லை. குச்சியால் மணலில் ஒரு மீனை வரைந்து என்னைக் காட்டினார். ஹார்லன் மீனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். காற்று மதியம்வரைதான் தாங்குமாம். அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

சாம்பல், வெந்நீர், வைக்கோல் பிரி. ஊர் மொத்தமும் மண்டியிட்டுத் தேய்த்தது. என் பக்கத்தில் ஹார்லன். அவர் தேய்த்த லட்சணம் எனக்குப் பொறுக்கவில்லை.

"அப்படி இல்ல தம்பி, அழுத்தித் தேய்ங்க. வீட்ல ஒரு நாளாவது பாத்திரம் வெளக்கியிருக்கீங்களா?"

இதை மொழிபெயர்க்க மாட்டேன் என்று வாத்தியார் மறுத்துவிட்டார். ஆனால் ஹார்லன் அழுத்தித் தேய்த்தார். சக்கரங்களை வேறு யாரையும் தொடவிடாமல் நானே கழுவினேன்.

மதியத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஹார்லன் கிளம்பினார். பலகை முடிய இன்னும் இரண்டே ஆள் நீளம் இருந்தபோது விமானம் எழும்பியது. எல்லோரும் கத்தினார்கள், நான் மட்டும் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை. சக்கரத்தில் எங்காவது மீன் எண்ணெய் மிச்சமிருந்திருந்தால்? அந்த மனிதர் கடலில் கிடந்தால் அது என் கையால்தானே? சோறு இறங்கவில்லை.

"அழுவுறியா? கடல்ல இருக்கற உப்பு போதாதா?" என்று கான்சுகே சீண்டினார். அவரும் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் காலை வாத்தியார் ஹார்லனின் தந்தியும் கையுமாக ஓடிவந்து, மூச்சு வாங்க ஜப்பானிய மொழியில் சொன்னார்.

"வந்து சேர்ந்தேன். மூன்று முறை சோப்புப் போட்டும் கையில் மீன் வாடை போகவில்லை. தோமெ அம்மாவிடம் சொல்லவும்."

ஊர் சிரித்து உருண்டது. நான் என் கையை மோந்து பார்த்தேன். எனக்கும் போயிருக்கவில்லை.