கட்டில் காலியாக இருக்கக் கூடாது

ஜன்னலோரக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டு, இரண்டு நர்சிங் மாணவிகளும் தையல்காரம்மாவின் உடம்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்பிக்கோங்கக்கா, முதுகைத் துடைக்கணும்," என்றாள், விடுதியில் குண்டூசி என்று பெயரெடுத்த மூத்தவள். உயிர் போனவர்களிடம் அவள் இப்படித்தான் பேசுவாள். பேசிக்கொண்டே துடைத்தால்தான் வேலை ஓடுமாம். மூன்று வருடப் படிப்பில் உருப்படியாகக் கற்றுக்கொண்டது இது ஒன்றுதான் என்பாள்.

கூட நின்ற முதல் வருடப் பெண்ணுக்கு அந்தப் பேச்சும் வரவில்லை. வகுப்பிலேயே சின்னவள் என்பதால் விடுதியில் எல்லாருக்கும் அவள் கடைக்குட்டி. அவள் பார்த்த முதல் சாவு இது. பஞ்சை நனைப்பதும் பிழிவதுமாக இருந்தாளே தவிர, அந்த முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை.

எப்படிப் பார்ப்பாள்? ஆடைத் தொழிற்சாலையில் வருடக்கணக்காகத் தூசியை இழுத்து நுரையீரல் கெட்டுப் போய் வந்தவள் அந்த அம்மா. மூச்சு வாங்கும்போதும் வாய் மட்டும் சும்மா இருக்காது. "இந்த யூனிஃபார்மைத் தைச்ச மகராசன் யாரு? கையில கிடைச்சா நாலு வாங்கு வாங்கணும்," என்று சொல்லிக்கொண்டே கடைக்குட்டியின் பிரிந்த கீழ்மடிப்பைத் தைத்துக் கொடுத்தாள். இன்று காலை ஆக்சிஜன் சிலிண்டரின் முள் இறங்கத் தொடங்கியபோது அந்த அம்மாவின் புருஷன்தான் முதலில் பார்த்தார். "காத்து தீரப்போவுதும்மா, யார்கிட்டயாவது சொல்லு," என்று கடைக்குட்டியிடம் கெஞ்சினார். அதற்குள் வாட்ச்மேன் வந்து, பார்க்க வந்தவர்களையெல்லாம் கேட்டுக்கு வெளியே துரத்திவிட்டான். இன்று இன்ஸ்பெக்‌ஷன். ஆஸ்பத்திரியோடு சேர்ந்த நர்சிங் கல்லூரியைத் தொடர்ந்து நடத்த அனுமதி தருவதா என்று பார்க்க மேலிடத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள்.

கடைக்குட்டி ஓடினாள். நிறைந்த சிலிண்டர்கள் எல்லாம் புதுப் பெயிண்ட் அடித்து ஸ்டோரில் பூட்டிக் கிடந்தன. சாவி மேட்ரனிடம். மேட்ரன், டாக்டர், சிஸ்டர் எல்லாரும் பூங்கொத்தோடு வாசலில் வரிசையாக நின்றார்கள்.

"மேடம், ஜன்னலோர பேஷன்ட்டுக்கு ஆக்சிஜன் தீருது. ஸ்டோரைத் திறங்க."

"பெயிண்ட் இன்னும் காயலடி. இப்ப உருட்டினா எல்லாம் ஈஷிக்கும். கொஞ்ச நேரம் தாங்கும், போ."

தாங்கவில்லை. கடைக்குட்டி திரும்பி வந்தபோது அந்த அம்மா கட்டில் கம்பியை இறுக்கிப் பிடித்திருந்தாள். "மூச்சு விட முடியல, பாப்பா," என்றாள். கடைக்குட்டியால் முதுகைத் தடவிக்கொடுக்க மட்டும்தான் முடிந்தது.

இப்போது அவர்கள் துடைத்து முடிக்கும் நேரத்தில், திரையை விலக்கிக்கொண்டு மேட்ரன் எட்டிப் பார்த்தாள்.

"முடிஞ்சுதா? பாடியைப் பின்பக்க ரூமுக்குத் தள்ளுங்க. புருஷன்காரன்கிட்ட இப்ப யாரும் வாயைத் திறக்கக் கூடாது. அவன் கேட்ல நின்னு கத்தினா மானம் போயிடும். எல்லாம் முடிஞ்சப்புறம் சொல்லிக்கலாம்." பிறகு கடைக்குட்டியைப் பார்த்தாள். "கட்டில் எதுவும் காலியா இருக்கக் கூடாது. வார்டு நிறைய பேஷன்ட்னு எழுதிக் குடுத்திருக்கோம். ஃபர்ஸ்ட் இயர் பூரா பேஷன்ட் கவுனை மாட்டிக்கிட்டுப் படுங்க. நீ இதுலயே படு."

"மேடம், இதுல இப்பதான்..."

"விரிப்பு மாத்தினா ஆச்சு. கேட்டா காய்ச்சல்னு சொல்லு. வேற ஏதாவது உளறினே, பரீட்சை எழுத விடமாட்டேன். உங்கம்மா வீடு வீடாப் பாத்திரம் தேய்ச்சு உன்னைப் படிக்க வைக்கிறாங்க. ஞாபகம் இருக்கட்டும்."

கடைக்குட்டி படுத்தாள். புது விரிப்புக்கு அடியில் மெத்தையில் இருந்த பள்ளம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. குண்டூசி அவள் பின்னலை அவிழ்த்துவிட்டாள், போர்வையைக் கழுத்துவரை இழுத்தாள். சிலிண்டர்கள் இப்போது தடதடவென்று வந்தன. கட்டிலுக்கு ஒன்று. பெயிண்ட் வாடை குமட்டியது.

"நான் முதல் சாவைப் பார்த்த அன்னைக்கு மெஸ்ல ரெண்டு தட்டு சாப்பிட்டேன். வெக்கமா இருந்துச்சு, ஆனா சாப்பிட்டேன்," என்று குண்டூசி கிசுகிசுத்தாள். "அழுகையை அப்புறம் வச்சுக்கடி."

"அழுகை இல்லக்கா, ஆத்திரம்."

"அதையும் அப்புறம் வச்சுக்க."

மேலிடத்திலிருந்து வந்தவர்களில் பெரியவர் ஜன்னலோரக் கட்டிலருகில் நின்றார். "என்னம்மா, உடம்புக்கு என்ன?"

மேட்ரன் கண்ணாலேயே மிரட்டினாள். காய்ச்சல் என்று சொல்லத்தான் கடைக்குட்டி வாயைத் திறந்தாள். அம்மா, பரீட்சை, எல்லாம் ஞாபகத்தில் இருந்தன. ஆனால் வாயில் வந்தது வேறு.

"மூச்சு விட முடியல."

அடேயப்பா, என்ன வேகம்! டாக்டர் பாய்ந்து வந்தார். சிஸ்டர் தலையணையை உயர்த்தினாள். மேட்ரன் தன் கையாலேயே சிலிண்டரைத் திறந்து மாஸ்க்கை மாட்டினாள். "பார்த்தீங்களா சார், சொன்ன உடனே," என்றாள்.

"எனக்கில்ல சார், இந்தக் கட்டில்ல இருந்த அம்மா..." என்றாள் கடைக்குட்டி. மாஸ்க்குக்குள் அது வெறும் முனகலாகக் கேட்டது.

"பேசக் கூடாதும்மா, இன்னும் மூச்சு இளைக்கும்," என்று மேட்ரன் மாஸ்க்கை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பெரியவர் திருப்தியாகத் தலையாட்டிவிட்டு நகர்ந்தார். பின்னாலேயே எல்லாரும் போனார்கள்.

வந்தவர்கள் கிளம்பியதும் கேட்டைத் திறந்துவிட்டார்கள். முதல் ஆளாகத் தையல்காரம்மாவின் புருஷன் பிளாஸ்கோடு வந்தார். வார்டு வாசலிலிருந்தே அவர் கண்ணுக்குச் சிலிண்டர்தான் பட்டது, நிறைந்த பக்கத்தில் நின்ற முள்ளும் பட்டது. மாஸ்க்கும் அவிழ்ந்த கூந்தலும் மறைத்திருந்த முகத்தை அவர் உற்றுப் பார்க்கவில்லை.

"அப்பாடா, குடுத்துட்டாங்களா!" என்றார். "நான்தான் சொன்னேன்ல? பெரிய ஆஸ்பத்திரி, விட்டுட மாட்டாங்கன்னு." கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தார். போர்வைக்கு வெளியே தெரிந்த பாதங்களை மூடிவிட்டு, குனிந்து, பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி ஆற்றத் தொடங்கினார்.

கடைக்குட்டியின் முகத்தில் ஆக்சிஜன் ஜில்லென்று அடித்துக்கொண்டிருந்தது.